கொம்புத் தகட்டில் ஒரு புயல்

மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்து, இந்த முறை உன்னிடமிருந்து ஒரு கட்டுரை வந்தே ஆகணும் என்று சொல்லிவிட்டார். கல்லூரி நாட்களில் நோட்டீஸ் போர்டுக்கு நாலு வரி எழுதியதோடு சரி. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மெயின்டெனன்ஸ் ரிப்போர்ட்டும் லீவு லெட்டரும்தான். ஆனாலும் ஒரு மனிதரைப் பற்றி நம்மவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவர் இறந்து 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் உண்டாக்கிய ஒரு சொல்லை ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் டி.வி.யில் கேட்கிறோம். சைக்ளோன் என்ற சொல்தான் அது. அவர் பெயர் ஹென்றி பிடிங்டன்.

நான் திருவாலங்காட்டுக்காரன். வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி பக்கம். இந்த மனிதர் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு புயல் நாளில். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வர்தா வந்த நாள்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னைக்கு மேலேயே கரையேறிய நாள் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காத்து. நகரத்தின் மரங்களெல்லாம் ஒரே நாளில் சாய்ந்தன. நான் அன்று ரூமில் மாட்டிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வடகிழக்கிலிருந்து அடித்த காத்து, பிறகு நேர் கிழக்கிலிருந்து அடித்தது, சாயங்காலம் தென்கிழக்குக்குத் திரும்பியது. ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போனேன். அப்பா வேறு கதை சொன்னார். எங்கள் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடித்ததாம். ராத்திரி கொஞ்ச நேரம் காத்து அடங்கி, எல்லாம் முடிந்தது என்று நினைத்து மாட்டைப் பார்க்க வெளியே போனாராம். திரும்பி வருவதற்குள் தெற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்து, கொட்டகைத் தகரம் பிய்ந்து அவர் தலைக்கு மேலே பறந்து போச்சாம். ஒரே மாவட்டம், ஒரே புயல். இரண்டு ஊரில் இரண்டு விதமான காத்து ஏன் என்று அப்பா கேட்டார். இன்ஜினீயர் மகனிடம் பதில் இல்லை!

நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? சுழல் நீர்ப் பரிசோதனை செய்து, ரெக்கார்டு நோட்டில் கிராஃப் போட்டு, கையெழுத்து வாங்கினோமே. உள்ளே ஒரு விதமாகவும் வெளியே ஒரு விதமாகவும் சுற்றும் என்று படித்தோம். அதுதான் என் தலைக்கு மேலே போயிருக்கிறது என்று அன்று தோன்றவே இல்லை. அந்த வெட்கத்தில் தேட ஆரம்பித்தேன். தேடித் தேடிப் போனதில் கிடைத்தவர்தான் பிடிங்டன்.

கப்பலிலிருந்து கல்கத்தாவுக்கு

பிடிங்டன் 1797 ஜனவரி 7ல் இங்கிலாந்தில் சஸெக்ஸ் பகுதியில் உள்ள அக்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, கிழக்கிந்தியக் கடலிலும் சீனக் கடலிலும் ஓடி, கப்பல் தலைவராகவும் ஆனார். பிறகு கடல் வாழ்க்கையை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார்.

அங்கே அவர் செய்த வேலைகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். செடி கொடிகளில் ஆர்வம் வந்து, இந்தியத் தாவரங்களின் பெயர்களுக்கு ஒரு அகராதியை 1832ல் வெளியிட்டார். மண்ணையும் கனிமங்களையும் சோதித்துப் பார்த்தார். கனிமப் பொருட்களுக்கான கல்கத்தா அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். எந்தக் கப்பல் எப்படி மூழ்கியது, தலைவன் எங்கே தவறினான் என்று கேட்டுக் கேட்டு எழுதும் வேலை அது. நம்ம பாஷையில் சொன்னால், பிரேக்டவுன் அனாலிசிஸ் செய்கிற ஆள்!

அந்தக் காலத்தில் புயல் என்றால் என்ன என்பதே ஒரு சண்டையாக இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர், 1821ல் வந்த ஒரு புயலுக்குப் பிறகு ஊர் ஊராக நடந்தபோது, ஒரு இடத்தில் மரங்கள் ஒரு பக்கமாகவும் இன்னொரு இடத்தில் எதிர்ப் பக்கமாகவும் விழுந்து கிடப்பதைக் கவனித்தார். புயல் ஒரு பெரிய சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே நகர்கிறது என்று சொன்னார். வில்லியம் ரீட் என்ற ராணுவ இன்ஜினீயர் அதையே கப்பல் பதிவேடுகளை வைத்துப் பெரிதாக நிறுவி 1838ல் புத்தகம் போட்டார். அந்தப் புத்தகம் பிடிங்டனைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு இறக்கும் வரை அவருக்குப் புயல்தான் வாழ்க்கை.

அவரிடம் சாட்டிலைட் கிடையாது, ராடார் கிடையாது, தந்திகூட அப்போது இங்கே வரவில்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான், கப்பல்களின் பதிவேடு. எந்த மணிக்கு எந்த இடத்தில், காத்து எந்தத் திசை, பாரமானி எவ்வளவு என்று ஒவ்வொரு கப்பலிலும் எழுதி வைப்பார்கள். வங்காள விரிகுடாவில் ஒரு புயல் அடித்து ஓய்ந்ததும், தப்பி வந்த கப்பல்களின் பதிவேடுகளையெல்லாம் சேகரிப்பார். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் போட்டு, நடுவில் மையம் எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பார். இப்படி 1839 முதல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் ஒன்றன் பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எழுதினார்.

அதில் நம் கரைப் புயல்களும் உண்டு. காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் கோரிங்கா என்று ஒரு துறைமுக ஊர் இருந்தது. 1789 டிசம்பரில் கடல் மூன்று பெரிய அலைகளாக ஏறி வந்து அந்த ஊரை அழித்தது. 1839 நவம்பரில் மறுபடியும் அதே கதி. பிடிங்டன் இந்தப் புயல்களை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. புயலில் மனிதர்களை அதிகம் கொல்வது காத்து இல்லை, அதோடு வரும் கடல் நீர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்து சுற்று சுற்றிய கப்பல்

அவருக்குக் கிடைத்த பதிவேடுகளிலேயே விசேஷமானது சார்லஸ் ஹெட்ல் என்ற கப்பலுடையது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் தீவிலிருந்து கிளம்பிய அந்தக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. தலைவர் காத்துக்கு முதுகைக் காட்டி ஓட விட்டார். காத்து எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஓட்டம். ஐந்து நாள் ஓடினார்கள். காத்தின் திசை திரும்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பதிவேட்டை வாங்கிப் படம் போட்டுப் பார்த்த பிடிங்டன், கப்பல் புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி ஐந்து முறை வலம் வந்திருப்பதைக் கண்டார். தெரியாமலே பிரதட்சிணம் செய்துவிட்டது! புயல் நேராக வீசுகிற பெருங்காத்து என்று வாதாடியவர்களுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

1848ல் அவர் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தக் காலத்து ஆங்கிலேயக் குழந்தைகள் படிக்கும் அரிச்சுவடி ஒரு மரப்பலகை. அதில் எழுத்துத் தாளை ஒட்டி, அழுக்காகாமல் இருக்க மாட்டுக் கொம்பை மெல்லியதாகச் சீவிய கண்ணாடி மாதிரித் தகட்டால் மூடியிருப்பார்கள். அதனால் அதற்குக் கொம்புப் புத்தகம் என்றே பெயர். பிடிங்டனும் தன் புத்தகத்துக்கு மாலுமியின் கொம்புப் புத்தகம் என்று பெயர் வைத்தார். புயல் பற்றிய அரிச்சுவடி என்று அர்த்தம். கணக்குத் தெரியாத சாதாரணக் கப்பல்காரனுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

இந்தப் புத்தகத்தில்தான் சைக்ளோன் என்ற சொல்லை முன்வைத்தார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். முழு வட்டமா, சுருளா என்று முடிவு தெரியாத நிலையில், இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சொல். சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

ஆனால் எனக்குப் பிடித்தது சொல் இல்லை. புத்தகத்தோடு அவர் வைத்துக் கொடுத்த இரண்டு கொம்புத் தகடுகள். ஒன்று பூமத்திய ரேகைக்கு வடக்கே பயன்படுத்த, இன்னொன்று தெற்கே பயன்படுத்த. வட்ட வட்டமாகக் கோடு போட்டு, அதில் காத்தின் திசைக்கு அம்பு போட்டிருக்கும். அடியில் இருப்பது தெரியும். மாலுமி தன் கடல் வரைபடத்தின் மேல் இந்தத் தகட்டை வைத்து, தன் கப்பலின் இடத்தில் இப்போது அடிக்கும் காத்துக்குச் சரியான அம்பு வருகிற மாதிரி நகர்த்த வேண்டும். தகட்டின் நடு எந்தப் பக்கம் வருகிறதோ, புயலின் மையம் அந்தப் பக்கம். சில மணி நேரம் கழித்துக் காத்து மாறியதும் மறுபடி நகர்த்தினால், புயல் எந்தப் பக்கம் போகிறது என்றும் தெரியும். எதிர்ப்பக்கம் கப்பலைத் திருப்பிக்கொண்டு உயிர் பிழைக்கலாம்.

நண்பர்களே, இது என்ன? இதுதான் புயலின் மாடல். கம்ப்யூட்டர் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு புயல்!

நான் ஒரு பழைய ஓ.எச்.பி. ஷீட்டை வட்டமாக வெட்டி, அம்புக்குறி போட்டு, திருவள்ளூர் மாவட்ட மேப்பின் மேல் வைத்து மேற்கே நகர்த்திப் பார்த்தேன். நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மையத்துக்கு வடக்கே இருந்த கும்மிடிப்பூண்டியில் அம்பு வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பியது. வர்தாவின் பாதையிலேயே இருந்த எங்கள் ஊரில் முதலில் வடக்கு, நடுவில் அமைதி, அப்புறம் தெற்கு. அப்பாவுக்கு ஷீட்டை நகர்த்திக் காட்டினேன். மாட்டைப் பார்க்கப் போன அந்தக் கொஞ்ச நேரம், அவர் புயலின் நடுவில் நின்றிருக்கிறார். காத்து அடங்கினால் புயல் முடிந்தது என்று அர்த்தமில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது என்று அவருக்கு நான் சொன்னேன். எனக்குச் சொன்னவர் பிடிங்டன்.

தகட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே

கொம்புத் தகட்டில் ஒரு குறை உண்டு. அதில் காத்து சரியான வட்டத்தில் சுற்றுகிறது. நிஜப் புயலில் காத்து உள்நோக்கி வளைந்து சுருள் சுருளாக மையத்தை நோக்கிப் போகிறது. வட்டக் கணக்கை அப்படியே நம்பினால் மையம் இருக்கும் திசை பிசகிவிடும் என்று மொரீஷியஸ் வானிலை ஆய்வாளர் சார்லஸ் மெல்ட்ரம் பின்னால் எடுத்துக்காட்டினார். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. தகட்டில் வரைந்த புயல் மாறாது. நிஜப் புயல் ஒவ்வொரு மணி நேரமும் தன் உடம்பை மாற்றிக்கொள்கிறது.

எப்படி என்று நம் ஜூனியர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போது, கையை மடக்கி நெருங்கி வந்தால் வேகம் கூடும். புயலும் அதேதான். வெதுவெதுப்பான கடல், சுமார் 26 டிகிரிக்கு மேல் சூடு உள்ள கடல், நீராவியைக் கொடுக்கிறது. அது மேலே போய் மழையாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் நடுவே அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காத்து உள்ளே இழுபடுகிறது. உள்ளே வர வரச் சுற்றும் வேகம் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே போக முடியாமல், ஒரு வளையமாக மேலே ஏறிவிடுகிறது. அந்த வளையம்தான் கண் சுவர். அதற்குள்ளே அமைதியான கண். சுற்றுகிற ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல இரத்தின சபை ஊர்க்காரனுக்கு உரிமை உண்டு அல்லவா!

சில பலத்த புயல்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். கண் சுவருக்கு வெளியே இரண்டாவதாக ஒரு வளையம் உண்டாகும். மேல் ஏரிக்காரன் மடையை அடைத்துக்கொண்டால் கீழ் ஏரி வறண்டு போகிற மாதிரி, உள்ளே போக வேண்டிய ஈரக் காத்தை வெளி வளையம் பிடித்துக்கொள்ளும். உள் சுவர் நலிந்து கலைந்துவிடும். அப்போது உச்ச வேகம் கொஞ்சம் குறையும். புயல் தளர்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பலத்த காத்து வீசும் பரப்பு அகலமாகிவிடும். அகலமான புயல் அதிகக் கடல் நீரைத் தள்ளும். எண்ணைப் பார்த்தால் குறைவு, ஆபத்தைப் பார்த்தால் அதிகம்!

இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும் என்று நம்பியவர் லூயிஸ் ரிச்சர்ட்சன். காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நியூட்டன் விதியையும் வெப்பக் கணக்கையும் போட்டால் நாளைய வானிலை வரும் என்று 1922ல் புத்தகம் எழுதினார். கையாலேயே போட்ட அவர் கணக்கு படுதோல்வி. ஆனால் வழி சரி. 1950ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் அந்த வழியில் முதல் முறையாக வானிலையைக் கணித்தது. 1969ல் ஊயாமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, ஒரு புயல் பிறந்து வளர்ந்து தளர்வதை முதல் முறையாகக் கம்ப்யூட்டருக்குள் நம்பும்படியாக நடத்திக் காட்டினார்.

இன்று நம் இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கென்றே பயன்படுத்தி வந்த மாடல் ஒன்றில், வெளியே 18 கிலோ மீட்டர், உள்ளே 6, அதற்கும் உள்ளே 2 கிலோ மீட்டர் என்று கட்டங்கள் சிறிதாகிக்கொண்டே போகும். உள்கட்டம் புயலோடு சேர்ந்தே நகரும். ஏன் இவ்வளவு சின்னக் கட்டம்? புயலின் கண் 30 கிலோ மீட்டர் அகலம் என்றால், 25 கிலோ மீட்டர் கட்டத்தில் அது ஒரே ஒரு புள்ளி. கண்ணே தெரியாதபோது கண் சுவர் மாறுவதை எங்கே பார்ப்பது?

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. நடுக்கடலில் அளவு எடுக்க ஆள் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் தொடங்கும் நேரத்தில் அதன் மேப்பில் இருக்கும் புயல் பெரும்பாலும் சோப்ளாங்கியாக, இடம் தள்ளி இருக்கும். அதனால் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, சாட்டிலைட் படம் சொல்லும் மையம், வேகம், அகலம் ஆகியவற்றுக்குப் பொருந்துகிற மாதிரிச் சுழலைத் திருத்தி வைக்கிறார்கள். அப்புறம்தான் ஓட விடுகிறார்கள். மேப்பின் மேல் ஒரு சுழலைச் சரியான இடத்தில் வைப்பது! பிடிங்டன் கொம்புத் தகட்டில் செய்த அதே வேலை. வித்தியாசம் என்னவென்றால், கொம்பில் வரைந்த சுழல் அப்படியே இருக்கும், கம்ப்யூட்டரில் வைத்த சுழல் வளரும், சுருங்கும், சுவர் மாற்றும்.

அப்படியும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புயல் போகும் பாதையைக் கணிப்பதில் நல்ல முன்னேற்றம். ஆனால் அது எப்போது திடீரென்று பலம் பெறும் என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். 2017 நவம்பர் 29ல் குமரிக் கடலில் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. அதற்குள் கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. புயலின் உடம்பு மாறுவது என்பது ஆராய்ச்சிக் கட்டுரை விஷயம் மட்டும் இல்லை.

யாரும் கேட்காத கடிதம்

இனி பிடிங்டன் வாழ்க்கையின் கடைசிப் பகுதி. இதைச் சொல்லத்தான் கட்டுரையே.

1850களில் கல்கத்தாவுக்குத் துணையாக ஒரு புதிய துறைமுகம் வேண்டும் என்று அரசு நினைத்தது. ஹூக்ளி ஆறு மண் அடித்துத் தூர்ந்துவிடுமோ என்ற பயம். சுந்தரவனக் காட்டுப் பக்கம், மாத்லா ஆற்றங்கரையில் இடம் பார்த்தார்கள். ஆறு ஆழமாக இருந்தது, கப்பல் வந்து போக வசதி. சர்வே செய்தவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் சந்தோஷம்.

பிடிங்டனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. தாழ்வான நிலம், கடலைப் பார்த்து வாய் திறந்த ஆறு. கோரிங்காவில் நடந்தது அவருக்குத் தெரியும். 1853ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டார். ஒரு நாள் புயலோடு கடல் எழும்பி வரும், 5 அடி முதல் 15 அடி வரை ஊர் முழுகும், அங்கே துறைமுகம் கட்டாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். எந்த வருஷம் என்று சொல்ல அவரால் முடியாது. ஆனால் என்ன நடக்கும் என்று அடிக் கணக்கோடு சொன்னார்.

அவரை யார் கேட்டார்கள்? புயல் பைத்தியம் பிடித்த கிழவர் சொல்வதற்காக இவ்வளவு பெரிய திட்டத்தை நிறுத்துவார்களா? வேலை நடந்தது. பிடிங்டன் 1858 ஏப்ரல் 7ல் காலமானார். ரயில் பாதை போட்டார்கள். ஜெட்டி கட்டினார்கள். அடுத்து வந்த கவர்னர் ஜெனரல் பெயரில் போர்ட் கேனிங் என்று பெயரும் வைத்தார்கள்.

1867 நவம்பர் தொடக்கத்தில் புயல் வந்தது. சுமார் 6 அடி உயரத்துக்குக் கடல் நீர் ஊருக்குள் ஏறியது. துறைமுகம் சிதைந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். அவர் சொன்ன எல்லைக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இதற்கு நடுவே 1864 அக்டோபர் 5ல் கல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை என்ற ஏற்பாடே தொடங்கியது. 1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. தனி ஆளாக ஒருவர் பதிவேடுகளைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்ததை, கடைசியில் ஒரு அரசு எடுத்துச் செய்தது.

நான் எழுதாத கடிதம்

இப்போது என் கதை. கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு கம்பெனி மேல் இல்லை, என் மேல்தான்.

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. மிக்ஜாம் உருவாகிக்கொண்டிருந்த நேரம். மையம் ஆந்திராவுக்குத்தான் போகிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. பாதையைப் பார்த்தால் அது சரிதான். டிசம்பர் 5ல் பாபட்லா பக்கம்தான் கரை கடந்தது. ஆனால் நான் மாடல்களின் மழைப் படங்களையும் பார்த்திருந்தேன். மையம் நம் கரைக்கு வராவிட்டாலும், கரையை ஒட்டி மெதுவாக நகரும்போது அதன் மழைச் சுருள்கள் நம் மேலேயே நிற்கும் என்று அதில் தெரிந்தது. எங்கள் பேனல் ரூமும் டிஜி செட்டும் இருந்த இடம் பள்ளம். தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக உள்ளே வரும் என்றுகூட எனக்குத் தெரியும்.

சொல்லலாமா என்று நினைத்தேன். மெயில்கூட டைப் செய்ய ஆரம்பித்தேன். நான் என்ன வானிலை நிபுணரா, மழை வராமல் போனால் கேலி செய்வார்களே, லீவு நாளில் ஆட்களைக் கூப்பிட்டு மோட்டார்களைத் தூக்கி வைக்கச் சொல்ல நான் யார் என்று யோசித்து, மூடி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தண்ணீர் மூன்று அடி. டிஜி செட் முழுகி இருட்டு. இரவு காவலுக்கு இருந்த வயசான பெரியவர் ஒருவர், பசியோடும் குளிரோடும் மாடிப் படியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். கடவுள் புண்ணியத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டார்கள் எல்லாம் ரீவைண்டிங்குக்குப் போயின. மோட்டார் போகட்டும். அந்தப் பெரியவர் மறுநாள் என்னைப் பார்த்து, நல்லவேளை தம்பி, நீங்க யாரும் அன்னிக்கு இங்க மாட்டிக்கலை என்றார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பிடிங்டனிடம் இருந்தது கொம்புத் தகடும் பழைய பதிவேடுகளும். என்னிடம் 2 கிலோ மீட்டர் கட்டத்தில் ஓடிய கம்ப்யூட்டர் படங்கள் இருந்தன. அவர் எழுதினார், கேட்கவில்லை. நான் எழுதவே இல்லை. கேட்காமல் போனது அவர்கள் பாவம். எழுதாமல் போனது என் பாவம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் எங்களைவிடப் பெரிய மாடல்களை ஓட்டப் போகிறீர்கள். கட்டம் இன்னும் சின்னதாகும், கணக்கு இன்னும் வேகமாகும். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரும் உங்கள் மேனேஜருக்கு உங்களுக்காக லெட்டர் எழுதித் தராது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, அடிக் கணக்கோடு, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். தப்பாகப் போனால் இரண்டு நாள் கேலி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் நான் அப்படி எழுதிக் கொடுத்துவருகிறேன். கேலியும் நடந்திருக்கிறது, இரண்டு மோட்டார் தப்பியும் இருக்கிறது.

அந்த ஓ.எச்.பி. ஷீட் புயல் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. சந்திப்பு அன்று கொண்டு வருகிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் வாசலில் நிற்பேன். வேண்டுபவர்கள் ஒரு மேப்போடு வாருங்கள், உங்கள் ஊருக்கு மேலே ஒரு புயலை நகர்த்திப் பார்க்கலாம்.

வாழ்க நம் கல்லூரி!